கிங்ஸ்வே முகாமின் இரண்டு வரலாறுகள்

டெல்லியின் வடபகுதியில் கிங்ஸ்வே முகாம் என்று ஓர் இடம் இருக்கிறது. 1911ஆம் ஆண்டு முடிசூட்டு தர்பாரை ஒட்டி அப்பகுதிக்கு வந்த பெயர் அது. மெட்ரோ நிலையத்தின் பலகையில் இன்று குரு தேக் பகதூர் நகர் என்று எழுதியிருக்கிறது. பேச்சு வழக்கில் பழைய பெயர் இன்னும் போகவில்லை. 1947இல் மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் வீடிழந்து வந்தவர்களுக்கு டெல்லியில் அமைந்த மிகப் பெரிய முகாம் இங்கேதான் இருந்தது. ஹட்சன் லைன்ஸ், அவுட்ரம் லைன்ஸ் என்ற பட்டாளக் குடியிருப்புகளின் பெயர்கள் அகதிகளின் முகவரிகளாயின.

இதே பகுதியில் சேவா குடீர் என்ற வளாகமும் இருக்கிறது. பிச்சை எடுத்ததாகத் தெருவில் பிடிக்கப்பட்டவர்களைக் கொண்டுவந்து வகைப்படுத்தும் மையமும் அவர்களை விசாரிக்கும் நீதிமன்றமும் பல பத்தாண்டுகள் இங்கே செயல்பட்டன. ஒரே நிலத்தில், சில ஆண்டு இடைவெளியில், வீடற்ற மனிதர்களை இந்திய அரசு இரண்டு விதமாக எதிர்கொண்டது. ஒரு சாராரிடம் "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டது. மறு சாராரிடம் "நீ ஏன் இங்கே நிற்கிறாய்?" என்று கேட்டது. இந்த இரண்டு கேள்விகளின் வரலாற்றையும் சேர்த்து வாசித்தால், வீடிழந்த ஒருவர் மீண்டும் வேலையும் வருமானமும் பெற்று நிலைகொள்வதற்கு எது உதவுகிறது, எது தடையாகிறது என்பது ஓரளவு தெளிவாகும். பிரிவினை ஆய்வாளர்கள் ஒரு கோப்பையும், சட்ட வரலாற்றாளர்கள் மற்றொரு கோப்பையும் தனித்தனியே படித்துவருகிறோம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் சிறு முயற்சியே இப்பதிவு.

முதல் கோப்பு மறுவாழ்வுத் துறையினுடையது. மத்திய அரசில் இதற்கெனத் தனி அமைச்சகம் 1947 செப்டம்பரில் உருவாயிற்று. மேற்கு பாகிஸ்தானிலிருந்து மட்டும் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 47 லட்சம் பேர். 1941இல் சுமார் 9 லட்சமாக இருந்த டெல்லியின் மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அகதிகள். குருக்ஷேத்திரத்தில் எழுந்த கூடார நகரில் ஒரு கட்டத்தில் சுமார் 3 லட்சம் பேர் இருந்தனர். 1947 நவம்பர் 12ஆம் தேதி காந்தி டெல்லி வானொலி நிலையத்திற்கு நேரில் சென்று உரையாற்றியது இந்தக் குருக்ஷேத்திர முகாமினரை நோக்கித்தான். அந்நாட்களின் பிரார்த்தனைக் கூட்டங்களில் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய ஒன்று உண்டு: உடல்வலு உள்ளவர் உழைக்காமல் உண்பது அவரையே சிதைத்துவிடும். அறிவுரை என்ற அளவில் இது எளிது. முகாமில் இருப்பவருக்கு உழைக்கும் வாய்ப்பை யார் ஏற்படுத்தித் தருவது என்பதே கடினமான கேள்வி.

அதற்கு இரண்டு இடங்களில் குறிப்பிடத்தக்க விடைகள் கிடைத்தன. ஒன்று நீலோகேரி. குருக்ஷேத்திர முகாமின் தொழிற்பயிற்சி மையத்தை 1948இல் டெல்லி–அம்பாலா நெடுஞ்சாலையை ஒட்டிய சதுப்பு நிலத்திற்கு நகர்த்தி, பயிற்சி பெறுபவர்களைக் கொண்டே ஒரு சிறு நகரை எழுப்பினார் எஸ். கே. டே என்ற பொறியாளர். 'மஸ்தூர் மன்ஸில்' என்று அத்திட்டத்துக்குப் பெயர். உழைப்பாளியின் இலக்கு என்று பொருள் கொள்ளலாம். 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் தலைமைப் பொறுப்பு பின்னர் டேயிடமே வந்தது என்பது, நீலோகேரி அன்றைய அரசின் சிந்தனையில் எவ்வளவு இடம் பிடித்திருந்தது என்பதைக் காட்டும்.

மற்றொன்று ஃபரீதாபாத். இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பன்னு, தேரா இஸ்மாயில் கான், கோஹாட், பெஷாவர் முதலிய எல்லைப்புற மாவட்டங்களிலிருந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் தம்மை வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டாம், ஒன்றாகவே குடியமர்த்துங்கள் என்று கோரினர். அவர்களில் கான் அப்துல் கஃபார் கானின் குதாயி கித்மத்கார் இயக்கத்தில் பழகியவர்களும் இருந்தனர். ஆகவே அக்கோரிக்கை மனுவோடு நிற்கவில்லை, அறப்போராட்டமாயிற்று. 1949இல் ஃபரீதாபாத் வளர்ச்சி வாரியம் அமைந்தது. தொடக்கத்தில் ராஜேந்திர பிரசாத் அதன் தலைவர்; சுதிர் கோஷ் நிர்வாகி; கமலாதேவி சட்டோபாத்யாய், ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஆஷாதேவி ஆரியநாயகம் போன்றோர் அதனோடு இணைந்து பணியாற்றினர். சேவாகிராமத்தின் ஆதாரக் கல்வியைத் தம் கணவரும் யாழ்ப்பாணத் தமிழருமான ஆரியநாயகத்துடன் சேர்ந்து வளர்த்த ஆஷாதேவி, இங்கே பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். வாரியக் கூட்டங்களில் நேருவே நேரில் கலந்துகொண்டார்.

வீடுகளை யார் கட்டுவது என்பதில்தான் முதல் மோதல். பொதுப்பணித் துறையின் வழக்கம் ஒப்பந்ததாரர்களிடம் விடுவது. வந்தவர்களில் பெரும்பாலோர் கடை வைத்திருந்தவர்கள், சிறு வணிகர்கள், எழுத்தர்கள். அவர்களுக்குக் கட்டுமானம் தெரியாது, வேலை தாமதமாகும் என்பது துறையின் வாதம். கமலாதேவி 1948இல் தொடங்கிய இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் எதிர்வாதம் வைத்தது: வீடு வேண்டியவரும் வேலை வேண்டியவரும் ஒருவரே என்னும்போது, அவர் வீட்டை அவரே கூலி பெற்றுக் கட்டட்டும். டெல்லியின் அகதி முகாமில் பணியாற்றிய அனுபவத்தோடு வந்த இளைஞர் எல். சி. ஜெயின் களப் பொறுப்பேற்றார். தொழிலாளர் கூட்டுறவுகள் அமைந்தன. தராசு பிடித்த கைகள் செங்கல் சுமந்தன. இலவச உணவின் இடத்திற்கு நாட்கூலி வந்தது. சுமார் 5,000 வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை, தொழிற்பயிற்சி நிலையம் என ஒரு நகரம் எழுந்தது. போர் இழப்பீடாக ஜெர்மனியிலிருந்து வந்திருந்த டீசல் மின்நிலையம் இங்கே நிறுவப்பட்டது. அந்த மின்சாரத்தை நம்பித்தான் தொழிற்சாலைகளை அழைக்க முடிந்தது. மருத்துவமனைக்கு மக்கள் இட்ட பெயர் பாதுஷா கான். எல்லைக்கு அப்பால் விட்டுவந்த தலைவரின் பெயரை எல்லைக்கு இப்பால் தாம் கட்டிய கட்டடத்துக்கு வைத்தார்கள். நகரத்தின் அப்பகுதி இன்றும் 'என்.ஐ.டி.' என்றே அழைக்கப்படுகிறது. புதிய தொழில் நகரியம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

இந்தச் சோதனையை மிகைப்படுத்தத் தேவையில்லை. அதன் தோல்வியை ஜெயினே பின்னாளில் தம் நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார். கட்டுமானம் இருந்தவரை கூலி இருந்தது. வீடுகள் முடிந்ததும் வேலை முடிந்தது. கூட்டுறவுப் பட்டறைகள் சந்தையில் காலூன்றுவதற்குத் தேவையான பொறுமை அரசு அலுவலகங்களில் இருக்கவில்லை. பொறுப்பு வாரியத்திடமிருந்து துறை அதிகாரிகளிடம் நகர, கூட்டுறவுகள் ஒவ்வொன்றாக நலிந்தன. நகரம் பிழைத்தது, ஆனால் தனியார் தொழிற்சாலைகளின் நகரமாக. முதல் வேலை என்பது ஒருவரை எழுந்து நிற்கவைக்கும்; நிலைத்து நிற்க இரண்டாவது ஏற்பாடு ஒன்று வேண்டும். கூலிக்கும் வாழ்வாதாரத்துக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவை ஃபரீதாபாத் 1952 வாக்கிலேயே நமக்குக் காட்டிவிட்டது.

அந்தத் தொலைவைக் கடக்க உதவிய ஒன்று மூலதனம். 1948இல் சட்டத்தின் வழி உருவான மறுவாழ்வு நிதி நிர்வாகம், சிறு தொழிலும் வணிகமும் தொடங்க இடம்பெயர்ந்தோருக்குக் கடன் வழங்கியது. எல்லாம் இழந்து வந்தவர் வங்கிக்கு அடமானம் காட்ட இயலாதவர்; ஆகவே அரசே கடன் கொடுப்பவராக இருக்க வேண்டும் என்ற புரிதல் இதன் அடியில் இருந்தது. சொல்லின் அரசியலும் கவனிக்கத்தக்கது. தம்மைச் 'சரணார்த்தி' என்று அழைப்பதை விரும்பாத பஞ்சாபியர்கள் 'புருஷார்த்தி' என்று சொல்லிக்கொண்டனர். அடைக்கலம் கேட்பவர் அல்ல, முயற்சியால் வாழ்பவர் என்பது பொருள்.

இவ்வளவும் சொன்னபிறகு, இந்த வாசல் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1954ஆம் ஆண்டு இழப்பீடு மற்றும் மறுவாழ்வுச் சட்டம் இழந்த சொத்தை அளவுகோலாகக் கொண்டது. அங்கே நிலமும் வீடும் வைத்திருந்தவர் இங்கே கோரிக்கை வைக்க முடிந்தது. அங்கேயும் பிறர் நிலத்தில் உழைத்தவருக்குக் கோர எதுவும் இருக்கவில்லை. ஆண் துணையற்ற பெண்களும் முதியோரும் உடல்நலிந்தோரும் 'நிரந்தரப் பொறுப்பு' என்ற நிர்வாகச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள். கணவனை இழந்த முப்பது வயதுப் பெண் ஒருத்தி, கையில் ஊசியும் நூலும் இருந்தபோதும், அரசின் கணக்கில் நிரந்தரச் சுமை. ராமேஸ்வரி நேரு தலைமையிலான பெண்கள் பிரிவு பயிற்சி இல்லங்களும் விற்பனைக்கான ஏற்பாடுகளும் செய்தது உண்மை. ஆயினும் அச்சொல் ஏடுகளிலிருந்து போகவில்லை.

கிழக்கில் நிலைமை இன்னும் கடுமை. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தோர் பலர் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் கிடந்தனர். 1958இல் தண்டகாரண்ய வளர்ச்சி ஆணையம் அமைத்து, ஆற்றுச் சமவெளியில் நெல்லும் மீனும் அறிந்திருந்தவர்களை மத்திய இந்தியாவின் காட்டு மேட்டுநிலத்திற்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் நாமசூத்திரர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலம் கொடுக்கப்பட்டது; ஆனால் அவர்கள் அறிந்த தொழிலுக்கு அந்நிலம் பொருந்தவில்லை. 1978இல் பல்லாயிரம் பேர் அங்கிருந்து கிளம்பிச் சுந்தரவனத்துக்குச் சென்றதும், 1979இல் மரிச்ஜாப்பித் தீவில் காவல்துறை அவர்களை வெளியேற்றிய வன்முறையும் இந்தப் பொருத்தமின்மையின் இறுதிப் பக்கங்கள். ஃபரீதாபாத் மக்களிடம் விருப்பம் கேட்கப்பட்டது. அதைவிடச் சரியாகச் சொன்னால், கேட்கவைக்கும் வலிமை அவர்களுக்கு இருந்தது. தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அது இருக்கவில்லை.

இனி இரண்டாவது கோப்பு. இது மிகப் பழையது. 1874ஆம் ஆண்டின் ஐரோப்பிய நாடோடிகள் சட்டம், வேலையும் பிழைப்புக்கான வெளிப்படையான வழியும் இன்றி அலையும் ஐரோப்பியரைப் பிடித்து அரசுப் பணிமனைகளில் வைத்தது. ஆளும் இனத்தவர் தெருவில் கையேந்தி நிற்பது ஆட்சியின் மதிப்புக்கு இழுக்கு என்பது அதன் உள்நோக்கம். வறுமையைவிட வறுமையின் காட்சியே இங்கே பிரச்சினை. இந்த உள்நோக்கம் பின்னர் இந்தியர்கள் மீது திரும்பியது. வங்காள நாடோடிகள் சட்டம் 1943இல் வந்தது. பஞ்சத்தில் கிராமங்கள் மடிந்து, உயிர்பிழைத்தவர்கள் கல்கத்தா நடைபாதைகளில் வந்து விழுந்த அதே ஆண்டு. அந்த அக்டோபரில் மற்றோர் அவசரச் சட்டத்தின் வழி அவர்களை நகரிலிருந்து அகற்றத் தொடங்கினார்கள். சென்னை மாகாணத்திலும் பம்பாயிலும் பிச்சை ஒழிப்புச் சட்டங்கள் 1945இல் வந்தன.

விடுதலைக்குப் பின் இவை நீங்கவில்லை, விரிந்தன. 1959ஆம் ஆண்டு பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் பல மாநிலங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று, டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் வரையறையில் கையேந்துபவர் மட்டும் இல்லை. பிழைப்புக்கான வெளிப்படையான வழியின்றிப் பொது இடத்தில் அலைபவரும், அங்கே தங்கியிருப்பவரும், பிச்சையால் வாழ்பவர் என்று கருதத்தக்க நிலையில் இருந்தாலே போதும். பாடுதல், ஆடுதல், குறிசொல்லுதல், வித்தை காட்டுதல், பொருள் ஏதேனும் விற்க நீட்டுதல் ஆகியவையும் பிச்சைக்கான பாசாங்காகக் கொள்ளப்படலாம். ஆணையின்றிக் கைது செய்யலாம். முதல்முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைக்கலாம்; மீண்டும் மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டு வரை.

சட்டத்தின் வாசகத்தில் விவசாயமும் கைத்தொழிலும் கற்பிக்க இடமிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடைத்துவைத்துக் கற்பிக்கும் தொழில் எதற்குப் பயன்படும்? வெளியே வரும்போது அவரிடம் முகவரி இல்லை, கருவி இல்லை, முதல் இல்லை. முன்பு பார்த்த வேலையின் தொடர்பும் அறுந்துவிட்டது. நீலோகேரியில் பயிற்சியோடு பட்டறை இருந்தது, பட்டறையோடு வீடு இருந்தது. காப்பகத்தில் பயிற்சியோடு பூட்டு இருந்தது.

இச்சட்டத்தின் அடிப்படைத் தவறு அறம் சார்ந்தது மட்டுமன்று. உண்மைத் தகவல் சார்ந்ததும் ஆகும். நடைபாதையில் உறங்குபவர் வேலையற்றவர் என்பது அதன் அனுமானம். டெல்லியின் வீடற்றோரை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பிழை என்று தெரியும். ரிக்‌ஷா இழுப்பவர்கள், காரி பாவலியிலும் சதர் பஜாரிலும் மூட்டை சுமப்பவர்கள், கல்யாணப் பந்திகளில் பாத்திரம் கழுவுபவர்கள், கட்டடத் தொழிலாளர்கள், பழைய பொருள் பொறுக்குபவர்கள் என நகரத்தின் மலிவான உழைப்பு அங்கேதான் படுத்து உறங்குகிறது. அவர்களுக்கு இல்லாதது உழைப்பு அன்று; உழைத்ததைச் சேமித்து வைக்க ஓர் இடம். இரவில் சட்டைப்பையில் வைத்த கூலி விடியும்போது இருப்பதில்லை. எனவே தேநீர்க் கடைக்காரரிடமோ மேஸ்திரியிடமோ கொடுத்து வைக்கிறார்கள். திரும்பக் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

வேலைக்காகவே நடைபாதை என்ற உண்மையை உச்ச நீதிமன்றம் 1985இல் ஏற்றது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு அது. மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்திலிருந்து வறட்சியால் பிழைப்பிழந்து 1961இல் பம்பாய் சென்ற நிலமற்ற கூலி. தாகிசரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய் ஊதியம். நெடுஞ்சாலை ஓரக் குடிசையை இடித்து அவரைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வேலை தேடி அவர் திரும்பி வந்து மீண்டும் நடைபாதையிலேயே தங்கினார். வாழ்வுரிமை என்பதில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு சொன்னது. அதே தீர்ப்பு, உரிய அறிவிப்பு தந்து நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் முதல் பாதியைப் பாடமாக்குகிறோம். நடைபாதையில் வாழ்ந்தவர்கள் இரண்டாம் பாதியை அனுபவித்தார்கள்.

2010இல் உச்ச நீதிமன்றம் நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பிடம் என்ற அளவை வலியுறுத்தியது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஒரே கூரையின்கீழ் காப்பிடம், திறன் பயிற்சி, சுயதொழில் கடன் ஆகிய மூன்றையும் வைத்தது. தாளில் பார்த்தால் இது ஃபரீதாபாத்தின் கூறுகளை மீட்டெடுப்பது போல் தோன்றும். நடைமுறையில் காப்பிடம் ஒரு பிரிவு, பயிற்சி மற்றொரு பிரிவு, கடன் வங்கியின் கையில். காப்பிடத்தில் உறங்குபவருக்கும் வங்கி மேலாளரின் மேசைக்கும் இடையே முகவரிச் சான்று என்ற ஆறு ஓடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் 17.73 லட்சம், அதில் நகர்ப்புறத்தில் மட்டும் 9.38 லட்சம். முந்தைய பத்தாண்டோடு ஒப்பிட்டால் மொத்தம் குறைந்திருக்கிறது, நகரத்தில் கூடியிருக்கிறது. கிராமத்தின் வேலையின்மை நகரத்தின் வீடின்மையாக உருமாறுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

2018 ஆகஸ்ட் 8 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளைத் தலைநகரின் அளவில் செல்லாதவை என்று அறிவித்தது. அடிப்படைத் தேவைகளை அரசு உறுதிசெய்யாத நிலையில், பிழைப்பதற்காகக் கையேந்துவதைக் குற்றம் என்று சொல்வதற்கு இடமில்லை என்பதே அதன் சாரம். 2019இல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றமும் இவ்வழியில் சென்றது. வேறு பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் இன்றும் நடப்பில் உள்ளன. 2014இல் தெருவோர வணிகர்களைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றி, 2020 முதல் அவர்களுக்குத் தொடக்கக் கடனும் தருகிற அதே நாட்டில், சிக்னலில் பேனா விற்பவர் ஒரு சட்டத்தின்படி வணிகர், மற்றொரு சட்டத்தின்படி பிச்சைக்காரர். எந்தச் சட்டம் அவர்மீது பாயும் என்பதை அவர் கையிலிருக்கும் பொருள் முடிவு செய்வதில்லை. இரவில் அவர் எங்கே உறங்குகிறார் என்பது முடிவு செய்கிறது.

இரண்டு கோப்புகளையும் மூடும்போது எனக்குத் தோன்றுவது இது. வீடிழந்த ஒருவரை வேலையிலும் வருமானத்திலும் நிலைநிறுத்துவது எப்படி என்று இந்தியாவுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஏழைமை மிகுந்த காலத்தில், உணவுப் பற்றாக்குறைக்கு நடுவில், அதைச் செய்து பார்த்திருக்கிறது. என்ன தெரியும் என்று கேட்டது. கேட்ட மறுநாளே கூலி வேலை தந்தது. வேலைக்கு அருகில் வீடு தந்தது. அடமானம் கேட்காமல் கடன் தந்தது. தவறியவருக்கு மறுவாய்ப்பும் சில ஆண்டு அவகாசமும் தந்தது. எங்கே இவற்றில் ஒன்று விடுபட்டதோ அங்கே முழுவதும் சரிந்தது. ஃபரீதாபாத்தில் அவகாசம் விடுபட்டது. தண்டகாரண்யத்தில் கேட்பது விடுபட்டது. இன்றைய காப்பிடங்களில் பெரும்பாலும் கூரையைத் தவிர மற்றவை விடுபடுகின்றன.

அப்படியானால் 1949இல் இயன்றது பிறகு ஏன் இயலவில்லை? பணம் மட்டும் விடையாகாது. பிரிவினை அகதியின் வீடின்மைக்குக் காரணம் வரலாறு என்று தேசம் ஒப்புக்கொண்டது. ஆகவே அது கடன்பட்டதாக உணர்ந்தது. சேலத்து வறட்சியும் பீகாரின் நிலமின்மையும் துரத்திவிட்டவரின் வீடின்மைக்குக் காரணம் அவரே என்று அது கருதியது, ஆகவே தண்டித்தது. முன்னவர் தேசத்தின் கதையில் இடம்பெற்றார், பின்னவர் காவல்நிலையப் பதிவேட்டில் இடம்பெற்றார். வறட்சியும் நிலமின்மையும் கூட வரலாறுதான் என்பதை வரலாற்று மாணவர்களாகிய நாம் எடுத்துச் சொல்லத் தவறியிருக்கிறோம்.

ஆய்வுத் தலைப்புத் தேடும் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆவணக் காப்பகத்தில் மறுவாழ்வு அமைச்சகத்தின் கோப்புகளைக் கேட்டு எழுதும் நாளில், பிச்சை ஒழிப்புச் சட்டங்களின் கோப்பு ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு ஒரு மாலை கிங்ஸ்வே முகாமுக்குப் போய் வாருங்கள். அகதிகளின் பிள்ளைகளும் பேரர்களும் நடத்தும் கடைகள் அங்கே விளக்கேற்றி நிற்கின்றன. கடைகள் மூடியபின் அவற்றின் படிகளில் வந்து படுப்பவர்களும் பகலெல்லாம் உழைத்தவர்கள்தாம். முன்னவர்களின் தாத்தாவிடம் கேட்ட கேள்வியை இவர்களிடம் நாம் இன்னும் கேட்கவில்லை.